நாசரேத்தைப் பாடிய வீரமாமுனிவர்

இறைமகன் மனிதரான ஊர் எது என்று வகுப்பில் கேட்டால், பெத்லகேம் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். மாட்டுத் தொழுவமும் இடையர்களும் விண்மீனும் பெத்லகேமுக்கு உரியவை என்பது உண்மையே. ஆயினும், கபிரியேல் தூதர் கன்னிமரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னதும், அந்த ஏழைப் பெண் இறைவனின் திருவுளத்துக்குத் தலைவணங்கியதும், அக்கணமே இறைவனின் வார்த்தையானவர் அவளுடைய திருவயிற்றில் மனு உருவானதும் நாசரேத்தூரில் அன்றோ! பெத்லகேமில் உலகம் அவரைக் கண்டது. அதற்கு ஒன்பது திங்கள் முன்னரே நாசரேத் அவரை ஏற்றுக்கொண்டது. பின்னர் ஏறத்தாழ முப்பது வயது வரை அவர் வளர்ந்து, உழைத்து, ஊராரில் ஒருவராக வாழ்ந்த இடமும் அதுவே.

பனைமரங்களும் செந்நிறத் தேரி மணலும் சூழ்ந்த நம் ஊர் அந்தத் திருப்பெயரைத் தாங்கி நிற்கிறது. முகவரி எழுதும்போதெல்லாம் அதை எழுதுகிறோம். இரயில் நிலையப் பலகையில் அதைக் காண்கிறோம். அந்த நாசரேத்துத் திருக்குடும்பத்தைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாடியவர் ஒருவர் உண்டு. அவர் தம் தமிழகப் பணியின் தொடக்க ஆண்டுகளை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் கழித்தவர். முதுமையிலும் நம் முத்துக்குளித்துறைக்கே வந்து பணியாற்றியவர். வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றும் அந்த இத்தாலியத் துறவியின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

பிறப்பும் அழைப்பும்

இத்தாலி நாட்டின் மாந்துவாப் பகுதியில் காஸ்திலியோனே என்றோர் ஊர் உள்ளது. இளைஞரின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்த ஊர் அது. அதே ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நம் முனிவர் பிறந்தார். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்பது அவருடைய பெயர். ஜுசெப்பே என்பது இத்தாலிய மொழியில் சூசை என்னும் பெயரே. பின்னாளில் எந்தத் தச்சரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டாரோ, அவருடைய பெயரையே பிறப்பிலிருந்து சுமந்தவர் அவர்.

1698ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். அந்நாளில் இயேசு சபையாரின் மதுரை மறைப்பணித்தளம் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தமிழ்த் துறவியின் கோலம் பூண்டு, தத்துவபோதகர் என்னும் பெயரோடு வாழ்ந்தவர். புனித அருளானந்தர் 1693 பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். அந்தக் குருதி மண்ணில் காய்ந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அங்கே போனால் வசதியும் இராது, திரும்பி வருவதும் உறுதியில்லை என்பதை அறிந்தே இளங்குரு பெஸ்கி அத்தளத்தை விரும்பிக் கேட்டுப் பெற்றார். 1710இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிக் கோவா வந்து, 1711இல் தமிழகம் சேர்ந்தார். பிறந்த நாட்டை அவர் மறுபடி காணவேயில்லை.

முப்பது வயதுக் குழந்தை

தமிழ் மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு வயது முப்பது. இலத்தீனும் இத்தாலியமும் கற்றுத் தேர்ந்த அறிஞர், இங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்கும் சொல் தேட வேண்டும். ழகரமும் ளகரமும் நாவில் தடுமாறும். வயது வந்த ஒருவர், அதுவும் கற்றவர், மற்றவர் முன் குழந்தையாவது எளிதன்று. நம்முள் ஆங்கிலத்தில் முதன்முறை நாலு பேர் முன் பேச எழுந்தவர்கள் அந்தக் கூச்சத்தை நன்கு அறிவோம்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். மொழிகளையெல்லாம் படைத்த வார்த்தையானவர், நாசரேத்தில் ஒரு தாயின் மடியில் அமர்ந்து, அம்மா என்று அழைக்கக் கற்றுக்கொண்டார். நடக்கப் பழகி விழுந்தார். பசித்து அழுதார். அவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்று புனித லூக்காஸ் எழுதுவது வேறெதைக் குறிக்கும்? கடவுள் மனித வேடம் புனைந்து வந்தார் என்று நம் மறை கற்பிக்கவில்லை. மெய்யாகவே மனிதரானார் என்றே கற்பிக்கிறது. கற்றுக்கொள்ளுதல் என்னும் தாழ்மையும் அதில் அடங்கும். வீரமாமுனிவர் தமிழ் கற்றதை நாம் புலமை வேட்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தம் ஆண்டவர் சென்ற வழியில் அவரும் சென்றார் என்பதே பொருத்தம்.

அவருக்குத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பர். தொல்காப்பியம் முதல் திருக்குறள், கம்பராமாயணம், சீவகசிந்தாமணி வரை அவர் பயின்ற நூல்களின் சாயலை அவருடைய பாடல்களில் காணலாம். கொன்ஸ்தான்சோ என்னும் பெயரின் பொருளாகிய உறுதியைக் குறிக்கத் தைரியநாதர் என்று முதலில் பெயர் கொண்டார். வீரமாமுனிவர் என்பது தமிழர் அவருக்கு அன்போடு சூட்டிய பெயர். காவியுடை உடுத்து, புலால் நீக்கி, தமிழ்த் துறவியரைப் போலவே வாழ்ந்தார்.

இத்தகைய வாழ்வு எல்லாருக்கும் உடன்பாடாயிருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. உள்நாட்டு வழக்கங்களை மறைப்பணியாளர் எவ்வளவு ஏற்கலாம் என்பது பற்றித் திருச்சபைக்குள்ளேயே பெரும் வாதம் நடந்தது. திருத்தந்தையின் தூதர் டூர்னோன் 1704இல் புதுச்சேரியில் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவான தீர்ப்பு வழங்கும் வரை வாதம் ஓயவில்லை. சாதி வேற்றுமைக்கு இடம் கொடுத்த வழக்கங்களும் அவற்றுள் இருந்தன. அவற்றைக் கண்டித்தது நியாயமே. ஆனால் ஒரு மக்களுடைய மொழியையும் உடையையும் உணவையும் மதித்து ஏற்பது வேறு, அவர்களுடைய ஏற்றத்தாழ்வை ஏற்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிய இன்றும் நமக்கு நல்லறிவு தேவைப்படுகிறது.

சிறையும் விடுதலையும்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அவருடைய தொடக்க காலப் பணித்தளங்களுள் முதன்மையானது. பரலோக மாதா ஆலயத்தால் புகழ்பெற்ற அவ்வூருக்கு நம்மில் பலர் ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாவுக்குச் சென்றிருப்போம். கரிசல் காட்டின் வெயிலில் ஊர் ஊராய் நடந்து, நோயாளரைச் சந்தித்து, மறை கற்பித்து, பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

அங்கு வந்த சில ஆண்டுகளிலேயே பெருஞ்சோதனை நேர்ந்தது. எதிரிகளால் பிடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். உயிர் போகும் நிலை வந்தது. அருளானந்தருக்கு நேர்ந்தது தமக்கும் நேரும் என்றே எதிர்பார்த்திருப்பார். இறையருளால் விடுவிக்கப்பட்டார். அச்சிறையில் அவர் மடிந்திருந்தால் திருச்சபைக்கு மற்றொரு வேதசாட்சி கிடைத்திருப்பார். தமிழுக்குத் தேம்பாவணி கிடைத்திராது. விடுதலை பெற்றவர் கோவாவுக்கோ இத்தாலிக்கோ திரும்பிச் செல்ல எண்ணவில்லை. இன்னும் உள்நாட்டுக்கே சென்றார். அரியலூர்ப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சி அவருடைய நெடுங்காலப் பணித்தளமாயிற்று. அங்கு அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்தார். அந்த அன்னைமீது பாடியதே திருக்காவலூர்க் கலம்பகம்.

தேம்பாவணி

1726ஆம் ஆண்டு நிறைவுற்ற தேம்பாவணி, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. வாடாத அணிகலன் என்றும், தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி என்றும் அப்பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர்.

காப்பியத் தலைவர் யார்? போர்க்களம் வென்ற மன்னர் அல்லர். நாசரேத்தூர்த் தச்சர் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. வாய் திறவாத அந்த உழைப்பாளியைத் தமிழ்ப் பெருங்காப்பியத்தின் தலைவராக்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். முனிவர் ஏன் அவரைத் தேர்ந்தார்? மனிதரான இறைவனைத் தினமும் கையில் ஏந்தியவர், அவருக்கு உணவு தேடித் தந்தவர், அவருக்குக் கைத்தொழில் கற்பித்தவர் சூசையப்பர். கடவுள் குழந்தையானார் என்பதன் பொருளை அந்தக் குழந்தையைக் காத்து வளர்த்தவரின் வாழ்வு வழியாகக் காட்டலாம் என்று முனிவர் கருதினார் போலும்.

அவர் பெயர்களைத் தமிழாக்கிய விதம் சுவையானது. சூசை என்னும் எபிரேயப் பெயருக்கு இறைவன் பெருகச் செய்வாராக என்பது பொருள். ஆகவே அவரை வளன் என்றார். யோவான் என்பதற்கு இறைவன் இரக்கமுள்ளவர் என்பது பொருள். ஆகவே திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். தாய் எலிசபெத்தை இழந்து கானகத்தில் கருணையன் புலம்பும் பகுதியை 2019இல் வெளியான பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் சேர்த்திருந்தனர். மாணவியருள் பலர் அதை மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

நாட்டுப் படலமும் நகரப் படலமும் தமிழ்க் காப்பிய மரபுப்படியே அமைந்துள்ளன. யூதேயா நாட்டைப் பாடும்போது மேகம் கடல்நீரை முகந்து மழை பொழிகிறது, ஆறு பெருகி ஓடுகிறது, நெல் விளைந்து தலை சாய்கிறது, வயலில் தாமரை மலர்கிறது. பாலஸ்தீனம் பெரும்பகுதி கற்பாங்கான வறண்ட நாடு என்பது விவிலியம் கற்ற குருவுக்குத் தெரியாதா? தெரிந்தே பாடினார். கடவுள் எந்த நாட்டில் மனிதரானாலும், அதைக் கேட்கும் தமிழ் உழவருக்கு அவர் தம் வயலோரம் வந்ததாகவே தோன்ற வேண்டும் என்று விரும்பினார்.

முதற் காண்டத்தில் நெஞ்சைத் தொடுவது ஐயந்தோற்று படலம். மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்ட வளன் உள்ளம் கலங்குகிறார். அவளுடைய தூய்மையில் அவருக்கு நம்பிக்கை உண்டு. கண்ணெதிரே காண்பதையும் மறுக்க முடியவில்லை. அவளை இகழவும் மனமில்லை, உண்மை அறியவும் வழியில்லை. புனித மத்தேயு சில வரிகளில் சொல்லிச் செல்லும் இந்தத் துயரத்தை முனிவர் ஒரு முழுப் படலமாக விரித்தார். அடுத்த படலத்தில் வானதூதர் அறிவிக்க ஐயம் நீங்குகிறது. மனிதாவதாரம் என்னும் மறைபொருள் வானத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஓர் எளிய வீட்டில், கணவன் மனைவி இருவருடைய மானமும் அமைதியும் பணயமாக வைக்கப்பட்ட வேளையில் நிகழ்ந்தது. இறைவன் மனிதராவதற்கு மனிதரின் சம்மதத்தை நாடினார். தாயின் சம்மதம் தேவைப்பட்டது. தச்சரின் சம்மதமும் தேவைப்பட்டது. நம் இல்லங்களில் தந்தையர் சொல்லாமல் சுமக்கும் சுமைகளை எண்ணும்போது, இப்படலம் எந்நாளும் பழமையாகாது என்று தோன்றுகிறது.

பின்னர் மகவருள் படலத்தில் குழந்தை பிறக்கிறது. இடையரும் அரசரும் வந்து வணங்குகின்றனர். மகன் நேர்ந்த படலத்தில் பெற்றோர் பாலனைக் கோவிலில் காணிக்கையாக்குகின்றனர். ஏரோதனுக்கு அஞ்சி இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடும் திருக்குடும்பத்தின் துன்பமும் விரிவாக வருகிறது. அயல் நாட்டில், அயல் மொழியினரிடையே, கைத்தொழிலை நம்பிப் பிழைத்த அக்குடும்பத்தைப் பாடும்போது, தாமும் அயல் நாட்டில் வாழும் ஒருவர் என்பது முனிவரின் நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்?

இறைவனைக் குழந்தையாகக் கண்டு கொஞ்சுவது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகை நம் மொழியில் உண்டு. தாலாட்டுவதும், சப்பாணி கொட்டச் சொல்வதும், முத்தம் கேட்பதும், அம்புலியை விளையாட அழைப்பதும் அதன் பருவங்கள். இந்த மரபில் ஊறிய செவிகளுக்கே முனிவர் பாலன் இயேசுவைப் பாடினார். வரலாற்றில் ஒருமுறை, ஒரு தாயின் வயிற்றில், கடவுள் மெய்யாகவே குழந்தையானார் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தமிழர் நெஞ்சில் ஏற்கெனவே இருந்த அந்தத் தாலாட்டுச் சுவையோடு சேர்த்துத் தந்தார்.

தமிழ்க் கோலத்தில் தாயும் சேயும்

பாட்டில் செய்ததை அவர் ஆலயத்திலும் செய்தார். விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்து, கையில் பாலனை ஏந்தி நிற்கும் திருவுருவை அங்கு நிறுவினார். அவ்வுருவை அவரே வரைந்து அனுப்பி, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும்போது நாம் பஞ்சைப் பிரித்துப் பனியாகத் தூவுவதுண்டு. அது அழகுதான். ஆயினும் தேரி மணலையும் பனையோலையையும் குடிலில் வைத்தால் குழந்தை இயேசு கோபிக்க மாட்டார். சேலையுடுத்த அன்னையின் கையில் பாலனைக் காட்டிய முனிவர் அதைக் கண்டால் மகிழவே செய்வார்.

எழுத்துக்குச் செய்த தொண்டு

முனிவரின் தமிழ்த் தொண்டு அனைத்தையும் இங்கே எழுத இடமில்லை. 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சதுரகராதியைத் தந்தார். தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கண நூலும், பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணமும் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிய பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் அறியாத சிறுமி யார்? அக்கதையும் அவருடையதே.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்வோம். பழங்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பர், நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவதுண்டு. அப்போது குறில் எது, நெடில் எது என்று படிப்பவர் திகைப்பர். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தார் என்று அறிஞர் கூறுவர். ஏ, ஓ என்றும், கே, கோ என்றும் இன்று நாம் எழுதுவது அச்சீர்திருத்தத்தின் பயன். நாசரேத் என்று எழுதிப் பாருங்கள். நடுவிலுள்ள ரேகாரத்தின் சுழித்த கொம்பு முனிவர் தந்த கொடை. இயேசு என்று எழுதும்போதும் அதே கொம்பு வருகிறது. நம் ஊர்ப் பெயரிலும் நம் ஆண்டவர் திருப்பெயரிலும் அவருடைய கைவண்ணம் இருக்கிறது!

இறுதி நாட்கள்

1740ஆம் ஆண்டையொட்டிய மராட்டியர் படையெடுப்பால் தமிழகத்தின் நடுப்பகுதி அமைதி இழந்தது. முனிவரும் தெற்கே வந்தார். புனித சவேரியார் 1542இல் வந்திறங்கிய மணப்பாட்டில், முத்துக்குளித்துறை மக்களிடையே தம் முதுமைக் காலத்தில் பணியாற்றினார். கடல் காற்றும் பரதவர் பேச்சும் சிலுவைக் குன்றும் அவருக்குத் துணையாயின. பின்னர்க் கேரள நாட்டு அம்பலக்காட்டுக்குச் சென்று, 1747 பெப்ருவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் அருளானந்தர் ஓரியூரில் உயிர் கொடுத்தார். ஒருவர் ஒரே நாளில் உயிரைத் தந்தார். மற்றவர் முப்பத்தாறு ஆண்டுகளாக நாள்தோறும் சிறிது சிறிதாகத் தந்தார்.

தேம்பாவணி அச்சில் வந்தது அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின்னரே. 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினாக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை எழுப்பினர். அயல் நாட்டவர் என்று எவரும் அவரை ஒதுக்கவில்லை.

அன்பு மாணவியரே! நீங்கள் படிப்பு முடித்துப் பல இடங்களுக்குச் செல்வீர்கள். செவிலியராக, ஆசிரியையாக, துறவியராக, இல்லத்தரசியாக மொழி தெரியாத ஊர்களிலும் வாழ நேரும். அங்கே மேலிருந்து கொடுப்பவராகச் செல்லலாம், அல்லது அவர்களிடம் கற்றுக்கொள்ளும் குழந்தையாகச் செல்லலாம். இரண்டாம் வழியை இறைமகன் நாசரேத்தில் காட்டினார். வீரமாமுனிவர் அவ்வழியில் நடந்து காட்டினார். நாசரேத்திலிருந்து நன்மை எதுவும் வருமோ என்று அன்று நத்தனியேல் ஐயுற்றார். அந்த ஐயத்துக்கு மறுமொழி கூறும் பொறுப்பு, அப்பெயரைச் சுமக்கும் நம் ஊரில் பயில்கின்ற ஒவ்வொருவருக்கும் உண்டு.